பேரோடு வந்த வாக்கு

அண்ணா,

இன்று காலை உங்கள் பட்டறைப் பக்கமாகப் போனேன். ஊறவைத்த தேங்காய் நாரின் வாடை தெருமுனை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் இப்போது இல்லை என்று தெரிந்தும், வீடு திரும்பியதும் உங்களிடம் பேச வேண்டும்போல இருந்தது. நான் சொல்கிறேன், ஒல்லாந்தர் கிடங்கில் எழுத்து வேலை பார்க்கும் என் மகன் ஓலையில் எழுதுகிறான்.

நமக்குள் முதல் பேச்சே சண்டைதான். ஆரம்பாக்கத்திலிருந்து வந்து, கோட்டைக்குப்பத்தில் பெரியவரின் படகுப் பட்டறையை நீங்கள் வாங்கிய புதிது. பெரியவர் தம் மகனோடு தெற்கே கப்பலேறிப் போய்விட்டிருந்தார். எங்கள் படகு அவர் கட்டியது. ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு. கடலில் இறக்கிய அன்று, அடுத்த வாடைக்காலம் முடியும்வரை தையல் விட்டால் கயிறும் கூலியும் வாங்காமல் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்குள் தையல் விட்டுவிட்டது. கப்பலுக்குத் துணிக்கட்டு ஏற்றிப் போய்த் திரும்பும்போது கரையலையில் பலகை பிளந்து தண்ணீர் புகுந்தது. என் புருஷன் நீந்தித்தான் படகை இழுத்து வந்தார். மழைக்கு முன்னால் கப்பல்கள் கிளம்பிவிடும். அதற்குள் படகு சரியாகாவிட்டால் அந்த வருஷம் எங்களுக்குப் பிழைப்பில்லை.

உங்களிடம் வந்து கேட்டேன். இது நீங்கள் தைத்த தையல் இல்லை, அந்த வாக்கைப் பற்றி விற்றவர் உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று சொல்லி, வாக்குக் கொடுத்தவரையே போய்க் கேட்கச் சொன்னீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

"பட்டறைய வாங்கினப்போ கரையில இன்னா சொன்னீங்கண்ணா? பெரியவர் பட்டறைதான், எதுவும் மாறலைனு தானே சொன்னீங்க? அவர் பேர் மட்டும் உங்களுக்கு வேணும், அவர் வாக்கு மட்டும் வேணாமா?"

நான் அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் கரையெல்லாம் நடந்து, பெரியவர் வாக்கில் இன்னும் எந்தெந்தப் படகு இருக்கிறது என்று விசாரித்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நினைத்ததைவிட நிறையவே இருந்தன. யாரோ கொடுத்த வாக்குக்கு நம் பிள்ளைகள் பட்டினி கிடப்பதா என்று அண்ணி சண்டை போட்டார்களாம். அதிலும் தப்பில்லை.

மறுநாள் எங்கள் வாசலுக்கு வந்தீர்கள்.

"நான் குடுத்த வாக்கு இல்லம்மா. ஆனா அத நம்பித்தான் ஜனம் இந்தப் பட்டறைக்கு வருது. பேர வெச்சிக்கினு வாக்கத் தள்ள மனசு வரல. கயிறு நீங்க குடுங்க, கை என்னுது."

பெரியவர் கயிறும் சேர்த்துத்தானே சொன்னார் என்று வாய் வரை வந்தது. என் புருஷன் கையமர்த்திவிட்டார். முழுசாகக் கேட்க எனக்கு உரிமை இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பெரியவர் சொல்லாமல் விட்டதில் ஏமாந்தது நாங்கள் மட்டுமில்லை, நீங்களும்தான். அதை யோசித்துப் பார்த்தால், இழப்பைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டது நியாயமாகவே படுகிறது.

அந்தப் பருவம் முழுக்க நீங்கள் ஒரு புதுப் படகும் கட்டவில்லை. பழைய தையலையே பிரித்துப் பிரித்துத் தைத்தீர்கள். எங்கள் படகு முடிந்த பிறகும் நான் வந்து மற்றவர்களுக்காகக் கயிறு திரித்தேன். முதலில் முகம் கொடுக்காத அண்ணி, கொஞ்ச நாளில் எனக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். கப்பல்கள் கிளம்பும் முன்னால் எங்கள் படகு நாலைந்து நடை போய் வந்துவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து ஜனங்கள் பட்டறையை உங்கள் பேர் சொல்லியே கூப்பிட்டார்கள்.

இருமல் முற்றி உங்களால் கயிற்றை இழுத்துக் கட்ட முடியாமல் போனதும் பட்டறையை விற்றீர்கள். வாங்கியவரைக் கரைக்குக் கூட்டிவந்து, ஊரார் முன்னால் உங்கள் வாக்கில் இருந்த படகுகளை ஒவ்வொன்றாகக் கைகாட்டினீர்கள். "இதெல்லாம் இனிமே உன்னுது" என்று சொல்லி அவரை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பாத்துக்கம்மா" என்றீர்கள்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தையல் விட்ட படகு வந்தால், நீங்கள் கைகாட்டியதில் இது உண்டா என்று புதியவர் என்னிடம்தான் கேட்டனுப்புகிறார். உண்டென்றால் மறுபேச்சில்லாமல் தைத்துக் கொடுக்கிறார். இல்லாததை உண்டென்று நான் சொன்னதில்லை, என் தங்கை கேட்டபோதும்கூட.

உங்கள் வாக்கில் இன்னும் ஒரே ஒரு படகு மிச்சம் இருக்கிறது. இந்த வாடைக்காலம் முடிந்தால் அதன் தவணையும் தீர்ந்துவிடும். அதுவரைக்கும், படகுகள் கரை திரும்பும்போது நான் மீனைப் பார்ப்பதில்லை. முதலில் அந்தப் படகின் தையலைத்தான் பார்க்கிறேன்.