வரைபடத்தில் உன் எண்ணெய்க் கறை

அக்கா,

பதினேழாம் மனையை வாங்க ஆள் வந்திருக்கிறது. பழைய வரைபடத்தைத் தேடி எடுக்கும்படி உன் மகன் போன் செய்தான். பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்து விரித்தேன். உன் விரல் பட்ட எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் தாளின் மறுபக்கம் தெரிகிறது.

அன்று நீ வடை தின்றுகொண்டிருந்தாய். நாலு அறுவடை மெஷின் உனக்கு ஓடிய காலம். நன்னிலம் பக்கத்தில் உன்னைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் நாம் பிறந்த தெருவிலேயேதான் மாடி வீடு கட்டியிருந்தாய். பழைய பண்ணை வயலை மனைகளாகப் பிரித்து விற்க, உன்னைப் பங்குப் பணம் போடச் சொல்லிக் கேட்க நானும் என் வீட்டுக்காரரும் வந்திருந்தோம். நீ மறுத்தால் நாங்கள் கொடுத்திருந்த முன்பணமும் போய்விடும்.

அரசு கொடுத்த இலவச டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "காலேஜ்ல பொருளாதாரம் நடத்துறவ, எட்டாங்கிளாஸ்கிட்ட வந்து நிக்கிற" என்று சிரித்தாய். "இத்தன வருஷத்துல எங்கிட்ட நீ எதுவும் கேட்டதே இல்லையேடி."

பிறகு வரைபடத்தில் விரலை வைத்தாய். "இங்க வடிகால் இருந்துச்சே. முப்பதடி ரோடுன்னு போட்டிருக்கு?"

சித்திரையில் அளந்தபோது அதில் ஆடுகள் படுத்திருந்தன. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"அது பாழ் வாய்க்கால்க்கா. தண்ணி வந்து பல வருஷமாச்சு" என்றேன்.

அது தண்ணீர் வரும் வாய்க்கால் அல்ல, நம் தெருவின் மழைநீர் வெளியேறும் வழி. எனக்குத் தெரியும். ஐப்பசியில் உன்னோடு அதில் கெண்டை பிடித்திருக்கிறேன்.

வெகுநேரம் மென்றாய். "கூலியில அரை மரக்கா நெல்லு கூடக் கேட்டதுக்கு நம்மப்பாவக் கட்டிவச்சு அடிச்ச வயலு. அதுக்கு இப்ப நாம பேரு வைக்கப்போறமா?" என்றாய். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "எழுதுங்க தம்பி" என்றாய். நீ என்னை நம்பினாயா, அந்த வயலின் மேல் இருந்த கோபத்துக்குத் தலையாட்டினாயா? நான் கேட்கவில்லை. இனி கேட்க முடியாது.

வடிகாலை மூடி ரோடு போட்டோம். முதல் அடைமழையில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தஞ்சாவூரில் இருந்த எனக்கு நீ போன் செய்யவில்லை. கிழவர்களையும் பிள்ளைகளையும் உன் மாடியில் ஏற்றினாய் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கடைசி வீட்டுச் சின்னப்பொண்ணு பெரியம்மாவின் மேல் மண்சுவர் விழுந்தது. உயிரோடு எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் நடக்கவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு உன் பங்குக்கு நீ கேட்டு வாங்கியது, எல்லாவற்றிலும் தாழ்ந்த அந்தப் பதினேழாம் மனையைத்தான். அதையும் என் பேரில் பதிவு செய்தாய். ஏன் என்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கேட்டேன்.

"படிச்சவ பேர்ல இருக்கட்டும்."

அந்த முறை நீ சிரிக்கவில்லை. மறுநாளே மெஷினைக் கொண்டுவந்து ரோட்டை உடைத்துக் குழாய் பதித்தாய். மனையின் நடுவே பள்ளம் வெட்டித் தண்ணீருக்கு வழிவிட்டாய். அதன் பிறகு இரண்டு மழைக்காலம்தான் இருந்தாய்.

"நல்ல வெல சித்தி, அந்தப் பள்ளத்த மூடிட்டாப் போதும்" என்றான் உன் மகன் போனில். "அம்மா எதுக்குத்தான் அத வெட்டுனாங்களோ."

"உங்கம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. நான் பொய் சொன்னேன். அதுக்காக வெட்டுனாங்க" என்றேன். இதை நான் சொன்னது முதல் முறை.

"அப்ப விக்க வேணாம் சித்தி" என்று வைத்துவிட்டான்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் பஸ் ஏறிப் போய், அந்தப் பள்ளத்தில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக்கை அள்ளிப் போட்டுவிட்டு வருகிறேன். திரும்பும்போது கடைசி வீட்டைத் தாண்ட வேண்டும். சின்னப்பொண்ணு பெரியம்மாவுக்கு இப்போது கண்ணும் நினைவும் மங்கிவிட்டன. ஈரக்காலின் சத்தம் கேட்டால், "யாரு, பெரியவளா? தண்ணி வடிஞ்சுருச்சா ஆயி?" என்பாள்.

"வடிஞ்சுருச்சு பெரியம்மா" என்கிறேன். பெரியவள் இல்லை, சின்னவள் என்று சொல்ல ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். இதுவரை சொல்லவில்லை.