துண்டுக்குள் முடிந்த பேரம்

அப்பாவுக்கு உமாதேவியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மும்பையில் நான் சுகம்.

நேற்று எங்கள் முதலீட்டு நிறுவனத்தில் பெரிய கூத்து. நாங்கள் போடும் பணத்துக்குக் கம்பெனியில் எவ்வளவு பங்கு தருவீர்கள் என்று கேட்டால், முதலீடு தேடி வந்த உத்தமபாளையம் மசாலா முதலாளி வேல்பாண்டி கணக்குச் சொல்ல மறுத்துவிட்டார். "நாலு பேரு முன்னால வெல சொல்லிப் பழக்கமில்ல ஆத்தா" என்று, அங்கே தமிழ் தெரிந்த என்னிடம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, மாட்டுச் சந்தையில் நீங்கள் செய்வதுபோல், விரலைத் தொட்டு விலை பேச அவர் துண்டுக்குள் கையை நீட்டினேன். என் விரலைப் பிடித்துக் கணக்குச் சொன்னவர், நானும் விரலாலேயே பதில் கணக்குச் சொன்னதும் திகைத்தார்.

"யாரு மக நீ?"

"தரகர் ஒச்சாண்டி மக."

அங்கேயே பேரம் முடிந்தது!

வீட்டில் விரல் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு, சந்தையில் "பொட்டப்புள்ளைக்கு இங்கன என்ன வேல" என்று விரட்டினீர்களே, இனி விரட்டுங்கள் பார்ப்போம்!

அலுவலகத்தில் அடுத்த பேரக் கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். உங்கள் துண்டு ஒன்று அனுப்புங்கள். புதிது வேண்டாம், தோளில் கிடப்பதைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

உமா