உங்கள் இடதுகால்

இன்று காலை கராஜில் உங்கள் காரின் கியர்ப் பெட்டியைக் கழற்றி இறக்கினார்கள். கிளச் பிளேட்டை வெளியே எடுத்துப் பழைய பேப்பரில் வைத்தபோது நாற்றம் குப்பென்று எழும்பியது. கருகிய மயிரும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பிளேட்டின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய தடித்த பூச்சுத் தேய்ந்து போய், ஆணித் தலைகள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சீ என்று வந்தது. உங்களை நினைத்துத்தான்.

செத்த மனிதனைக் குறை சொல்லக் கூடாதாம். உங்கள் அடக்க ஆராதனையில் சபையார் எல்லோரும் உங்களை வாய் நிறையப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் உங்களோடு காரில் போனவர்கள் இல்லையே. நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து உங்களுக்கு இடப்பக்கத்தில் இருந்தவள். நீங்கள் வீதியைப் பார்ப்பீர்கள், நான் உங்கள் இடதுகாலைப் பார்ப்பேன். கியர் மாற்றி எவ்வளவு நேரமானாலும் அந்தக் கால் கிளச்சை விட்டு இறங்காது. அது பாட்டுக்கு மேலே ஏறிக் குந்திக்கொண்டிருக்கும். கால் பாரம் அழுத்த அழுத்தப் பிளேட் உள்ளே வழுக்கி வழுக்கித் தேயும் என்பது எனக்கே தெரியும். ரயில் கடவையில்கூட நியூட்ரலுக்கு விடமாட்டீர்கள்.

"காலை எடுங்கோவன்," என்றால், "நீர் றோட்டைப் பாரும்," என்பீர்கள். என்னிடமும் லைசென்ஸ் இருந்தது. ஒருநாள் கார்த் திறப்பைத் தாருங்கோ என்று கேட்டதற்கு, "நீர் கிளச்சை எரிச்சுப் போடுவீர்," என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். என்ன வாய் உங்களுக்கு.

இதெல்லாம் போகட்டும். உங்கள் தம்பிக்குச் செய்தீர்களே, அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. தன் மகளின் கலியாணத்துக்குப் பொம்பிளையை ஏற்றிப்போக ஒரே ஒரு நாள் காரை இரவல் கேட்டார். கொடுத்தீர்கள். அடுத்த கிழமை நாங்கள் கொடிகாமத்தில் பலாப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. கிளச் போய்விட்டது. கட்டி இழுத்துக் கொண்டுவந்து கராஜில் விட்டதும், நேரே மானிப்பாயில் தம்பி வீட்டுக்குப் போனீர்கள். புது மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டுக்காரரும் அங்கே மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், "ஓடத் தெரியாத உனக்கு என்னத்துக்கடா கார்? என்ரை கிளச்சைத் திண்டு போட்டாய்," என்று கத்தினீர்கள். தம்பி குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை.

நீங்கள் விட்டீர்களா? சபையிலும் சந்தையிலும் இதே கதைதான். பேந்து யாருக்கும் கார் கொடுக்காமலே இரண்டாவது கிளச்சும் போனது. "இப்ப ஆர் திண்டது?" என்று கேட்டேன். "கள்ளச் சாமான் போட்டு ஏமாத்திப் போட்டான்," என்று கராஜ்காரன் தலையில் போட்டீர்கள். தம்பியிடம் போய்ப் பிழை என்னுடையது என்று சொல்லுங்கோ என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். கண்டறியாத கௌரவம். உங்கள் அடக்கத்தன்றுகூட அவர் கேற்றுக்கு வெளியில்தான் நின்றார்.

அவருக்கு இப்போது இருதய வருத்தம். இந்தப் பழியோடு அவரும் போய்விடக் கூடாது என்றுதான் அந்தப் பிளேட்டைக் கேட்டு வாங்கினேன். கராஜ்காரர் சிரித்தார். "எறியிற சாமான் அம்மா, உதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறியள்?" என்றார். பேப்பரோடு சுற்றிக் காரின் பின் சீற்றில் போட்டுக்கொண்டு, பின்னேரம் புதுக் கிளச்சில் நானே மானிப்பாய்க்கு ஓட்டிப் போனேன். படலையைத் திறந்து காரை உள்ளே விட்டேன். விறாந்தையில் இருந்த தம்பிக்கு முன்னால் அதை வைத்தேன்.

"தம்பி, அண்டைக்கு எரிச்சது நீர் இல்லை. உங்கடை அண்ணை. இது மூண்டாவது."

அவர் அதைத் தொடவில்லை. "தெரியும் அண்ணி. அண்ணைக்கும் தெரியும்."

"அவர் எப்ப உமக்குச் சொன்னவர்?"

"சொல்லேல்லை. இஞ்சை வாறவர். பின்னேரத்திலை வந்து படலையடியிலை நிப்பாட்டுவார். எஞ்சினை நிப்பாட்ட மாட்டார். கியரைப் போட்டு அரைக் கிளச்சிலை பிடிச்சபடி இருப்பார். கார் ஒரு முழம் முன்னுக்கு வரும், பேந்து நிக்கும். நான் எழும்பிக் கிட்டப் போனால் எடுத்துக்கொண்டு போயிடுவார்."

"கனதரம் வந்தவரோ? எவ்வளவு காலம்?"

"ஆஸ்பத்திரியிலை படுக்கும் மட்டும்."

பெற்றோல் அடித்துவிட்டு வாறன் என்று நீங்கள் புறப்பட்டுப் போன பின்னேரங்கள் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின.

"நீர் ஒருக்கால் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டால் பேந்து வரமாட்டார் எண்ட பயம், அண்ணி. வந்து நிண்டால் காணும், அது போதும் எண்டு இருந்திட்டன்."

சீ, என்ன மனிதன் நீங்கள். ஒரு கதவைத் திறந்து இறங்கத் தைரியம் இல்லாமல், ஒரு கிளச்சையே அந்தப் படலையடியில் எரித்திருக்கிறீர்கள். அவரும் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நினைக்க நினைக்க எனக்கு அருவருப்பாக, அரியண்டமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது, அது இன்னும் அரியண்டம். நீங்கள் இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தம்பி ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்திருப்பார். இன்று எனக்குக் கொண்டுவந்தார். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், தன்னை அறியாமல் மூன்று கோப்பை ஊற்றியிருந்தார்.