வாப்பா வாங்கிவந்த ரேம்

வெள்ளிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு

வீட்டுப் பழைய கம்பியூட்டரை வேகமாக்க வாப்பா நேற்று கல்முனையில் ரேம் அட்டை ஒன்று வாங்கிவந்தார். ஊரில் பாதிப்பேருக்குக் கம்பியூட்டர் பூட்டிக் கொடுத்தவர். "முதல்ல மதர்போர்டுக்குப் பொருந்துமாண்டு பாருங்க, பிறகு வாங்குங்க" என்று எல்லோருக்கும் சொல்வார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து மேசையில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. போய்ப் பார்த்தேன். கையிலிருந்தது டிடிஆர் நாலு, புதிய வகை ரேம். எங்கள் போர்டில் பழைய வகையான டிடிஆர் மூன்று மட்டும்தான் ஏறும். இரண்டுக்கும் அடிவிளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. அதைத் திருப்பித் திருப்பி வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பெருவிரல் சிவந்துபோயிருந்தது.

"இது ஏன் இறங்குதில்ல மகள்?"

போன கிழமை வாப்பா பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்து நின்றபோது, வெயில் களைப்பு என்று உம்மா சொன்னார். நானும் நம்பிக்கொண்டேன்.

"நீங்க அஸர் தொழுதுட்டு வாங்க வாப்பா, நான் போட்டு வெக்கன்" என்றேன். பழைய ரேமையே திரும்பப் பூட்டி மூடினேன். புதியது என் அலுமாரியில், துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

வாப்பா வந்து சுவிட்சைப் போட்டார். வழமைபோல் திணறித் திணறித்தான் திரை வந்தது.

"பாத்தியா மகள்," என்று சிரித்தார். "இப்ப என்ன வேகம்!"

"ஓம் வாப்பா" என்றேன்.