கழுத்துப் பக்கத்துப் பிக்கப்

அன்புள்ள அம்மாவுக்கு,

எண்ணூரிலிருந்து ஜெனோவா. முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? நான் சுகம்.

போன ஞாயிறு பூசையின் நடுவில் பாதிக் குரல் போய்விட்டது. பயப்படாதீர்கள், எனக்கல்ல, என் கிட்டாருக்குத்தான். கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் பிக்கப் இரண்டு உண்டு. கழுத்துப் பக்கம் இருப்பது கனமாகப் பேசும், கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது கூர்மையாகப் பேசும். இந்த உப்புக்காற்றில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்குள் இருக்கும் செப்புக்கம்பிச் சுருள், அதாவது காயில், அறுந்துபோனது.

டோல்கேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் உபைதுல்லா பாயிடம் கொடுத்தேன். மோட்டார்க்காரர் அல்லவா, தாராளமாகச் சுற்றிவிட்டார்.

"ஆயிரம் சுத்து கூடவே போட்டுக்கீறேன்மா, சும்மா கத்தும் பாரு" என்றார்.

கத்தியது. பக்கத்தில் இன்னொரு பிக்கப் இருப்பதே தெரியவில்லை.

புதிதாக ஒரு ஜோடி வாங்கச் சொன்னார்கள் பாடகர் குழுவில். முடியாது என்றுவிட்டேன். மூன்று நாளாக வேலை முடிந்து வந்து, பிக்கப்பைத் தாங்கும் திருகாணியைக் கத்தி முனையால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, கத்தும் பிக்கப்பைக் கம்பியிலிருந்து தள்ளிக் கீழே இறக்கினேன், மற்றதை மேலே ஏற்றினேன். இப்போது இரண்டும் சமமாகப் பேசுகின்றன.

கழுத்துப் பக்கத்தை மட்டும் உங்கள் குரலுக்குப் பொருத்த வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பாட நான் வாசிப்பேன், அதில் மாற்றமில்லை. தையல் மிஷின் டப்பாவில் உள்ள சின்ன ஸ்குரூ டிரைவரை அனுப்புங்கள். மீன் கழுவும்போது பாடுவீர்களே, அதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டாம். சாப்பிட வரச்சொல்லி என்னைக் கூப்பிடுவீர்களே, அதுவும் இருக்கட்டும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஜெனோவா