தராசில் ஒரு விறகுக்கட்டை

ஏழு கடலையும் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும் கப்பல் எஞ்சினியரம்மாவான என் அருமை மருமகளுக்கு,

விறகுப் பேரரசின் தலைமை அமைச்சரும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமான மாமன் எழுதுவது. நான், அக்கா, பூனை மூவரும் நலம். கடிதம் உன் அப்பாவைப் பற்றி.

புயலுக்குச் சாய்ந்த கொல்லை மரம் நினைவிருக்கிறதா? வைரம் பாய்ந்த மரம். வெட்டினால் கோடரிதான் "ஐயோ" என்று அலறும். நானும் அத்தானும் அதைப் பிளந்துகொண்டிருந்த அன்றுதான் நீ கப்பல் வேலைக்குப் பெட்டியோடு கிளம்பினாய். அத்தான் தலையைத் திருப்பாமலே, "போ, போ. இந்த விறகு காயறதுக்குள்ள தானா திரும்பி வந்துருவே" என்றார். நீ கதவை அறைந்து சாத்தினாய். அந்தச் சத்தத்தில் மூன்று தெருக் கோழிகள் நாள் தவறி முட்டையிட்டன.

அந்த மாதிரிக் கட்டை காய இரண்டு வருஷம் பிடிக்கும். அடியில் சட்டம் போட்டு, இடைவெளி விட்டு அடுக்கினார். முதல் மழைக்கு நான் பாசம் பொங்கி, தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் உள்ளே காளான்கள் முடிசூட்டிக்கொண்டிருந்தன! "மேல மட்டும் மூடணும்டா, பக்கத்துல காத்து வேணாமா?" என்று திட்டிவிட்டு, அத்தனையையும் தனியாளாகத் திரும்ப அடுக்கினார்.

பிறகு ஒரு கட்டையைப் பொறுக்கி, ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்துக் காலண்டரில் குறித்தார். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நாலு கிலோ மூன்றுக்குக் கீழே இறங்கி, ஒன்றரை மாதம் அசையாமல் நின்றது. இரண்டு கட்டையைத் தட்டினால் பள்ளிக்கூட மணி போலக் கணீரென்றது.

போன மாதம் பார்த்தால் எடை ஏறுகிறது! மழை ஒரு சொட்டு இல்லை. துப்பறிய நான் கொல்லைக் கதவுக்குப் பின்னால் பதுங்கினேன். உன் அப்பா கட்டையை வாளித் தண்ணீரில் முக்கினார். துண்டால் துடைத்தார். தராசில் வைத்து, "பாத்தியா, இன்னும் ஈரம் இருக்கு" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா பென்சிலை எடுத்துக் கொடுத்தாள்.

குளிர் வந்துவிட்டது. கூடத்து இரும்பு அடுப்பில் கடையில் வாங்கிய நோஞ்சான் விறகு புகைகிறது. அவர் இருமுகிறார். புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதில் மட்டும் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. நம் விறகைத் தொட அவர் யாரையும் விடுவதில்லை. காய்ந்தது என்று ஒப்புக்கொண்டால் அன்று வைத்த கெடு முடிந்துவிடுமே.

உடனே வா என்று சொல்லமாட்டேன். நீ இல்லாவிட்டால் கப்பல் நடுக்கடலில் உட்கார்ந்து அழும். கரை தொட்டதும் போன் போட்டு, "அப்பா, விறகு காஞ்சுதா?" என்று மட்டும் கேள், தாயே.

நீ போகும் கடலெல்லாம் குளம் போலக் கிடக்கட்டும். வாளியை நான் ஒளித்துவைத்துவிட்டேன். அவர் குடத்தைத் தேடி எடுப்பதற்குள் கூப்பிடு.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
காளான் வளர்த்த மாமன்