வெள்ளிக்கிழமைக் கடிதங்கள்

மார்ச் 3, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? படிக்கப்போவதும் நான்தானே. இந்த மூன்று வரிக்கு அரை மணி நேரம் பிடித்தது. எழுபத்தொரு வயதில் எழுதப் பழகுகிறேன், மனம் குதிக்கிறது.

எங்கள் வம்சத்தில் அரசன் பேனாவைத் தொடக் கூடாது. எழுதவும் வாசிக்கவும் எழுத்தர்; அரசனுக்கு முத்திரை மட்டும். நாட்டைவிட்டுத் துரத்திப் பதினொரு வருடம் ஆகியும், சலவைக்கடைக்கு மேலே இந்த இரண்டு அறை வீட்டிலும் அந்த வழக்கம் போகவில்லை. போன மழைக்காலத்தில்தான் எழுத்தருக்குத் தெரியாமல் நூலகத்து வகுப்பில் சேர்ந்தேன். நான் யாரென்று வாத்தியாரம்மாவுக்குத் தெரியாது. “தாத்தா, என் வாயைப் பாக்காம பலகையைப் பாருங்க” என்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

எழுத்தர் வழக்கம்போல் வந்து, ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்தார். துறைமுகத்து வியாபாரிகள் எனக்காகக் கடையடைத்திருக்கிறார்களாம். “மகாராஜா எப்ப வருவார்னு சனங்க அரண்மனை வாசல்லயே நிக்கிறாங்களாம்” என்றார். நன்றி சொல்லிப் பதில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மகள் குடியுரிமை விண்ணப்பத்தை மறுபடியும் மேசையில் வைத்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே விண்ணப்பம்; நான் அரசுரிமையைத் துறந்து ஒப்பமிட வேண்டும். பதினெட்டாம் தேதி கடைசி. இல்லாவிட்டால் அவளுடைய மருத்துவமனை வேலை போய்விடும். “சனங்க வாசல்ல நிக்கிறப்ப நான் எப்படிம்மா துறக்கிறது?” என்றேன். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள், சத்தமாக.

மார்ச் 9, திங்கள்

பட்டுத் துணியில் கட்டிவைத்த கடிதங்களை நானே வாசிக்க ஆசை. மேலே துறைமுகக் கடிதம். எழுத்துக்கூட்டினேன். ‘குழாய் பழுதுபார்க்கும் பணி காரணமாகக் காலை பத்து மணி முதல்...’

வியாபாரிகள் எங்கே? நான்தான் தப்பாக வாசிக்கிறேன் போலிருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி வாசித்தேன். குழாய்தான்.

மார்ச் 11, புதன்

இன்னும் ஏழு பிரித்தேன். என் பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பாடினதாக எழுத்தர் வாசித்தாரே, அந்தக் கடிதம் - கம்பளம் துவைக்கத் தள்ளுபடி. கெட்டது என் கண்ணா, புத்தியா? அப்போ நான் சொன்ன பதிலெல்லாம் யாருக்குப் போச்சு? கம்பளக் கடைக்கா?

மார்ச் 12, வியாழன்

கம்பளக் கடிதத்தை மகளிடம் நீட்டினேன். உட்கார்ந்துவிட்டாள்.

“முதல் ரெண்டு வருஷம் நிஜமாவே கடிதம் வந்துச்சுப்பா. அப்புறம் நின்னுடுச்சு. நீங்க சோறு தண்ணி இல்லாம சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடந்தீங்க. ஒரு நாள் எழுத்தர் எதையோ எடுத்து ஊர்க் கடிதம் மாதிரி வாசிச்சார். எழுந்து சாப்பிட்டீங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

கோபம் வரும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். வரவில்லை. வேறு என்னவோ வந்தது. அதை எப்படி எழுதுவது?

மார்ச் 13, வெள்ளி

எழுத்தர் வாசித்தார். தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புருவம் நரைத்துவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

ஒப்பமிட்டேன். முத்திரை இல்லை, என் பெயர், என் கையால். மகள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அலுவலகத்தில் குமாஸ்தா, “தொழில்னு இருக்கிற கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்களே, பெரியவரே” என்றார்.

“முன்னாடி ராஜா.”

“இப்ப?”

“படிக்கிறேன்.”

சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

மார்ச் 20, வெள்ளி

எழுத்தர் வந்தார். இந்த முறை மலைநாட்டு மக்கள் எனக்காக விளக்கேற்றி வைத்திருக்கிறார்களாம். தாளில் ஒரு மூக்குக்கண்ணாடியின் படம் தெரிந்தது. கடைசிவரை கேட்டேன்.

“பதில் எழுதணுமா, மகாராஜா?”

“எழுதுங்க. நான் நல்லா இருக்கேன். இந்த ஊர்லயே தங்கிட்டேன். இனிமே யாரும் எனக்காக வாசல்ல நிக்க வேண்டாம்.”

அவர் பேனா பாதியில் நின்றது. தலையைத் தூக்கவில்லை.

“அப்போ அடுத்த வெள்ளிக்கிழமை நான் வரவா, வேண்டாமா?”

வரச் சொன்னேன். என்ன வாசிப்பது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வந்து அவர் எதை வாசித்தார் என்று அடுத்த வாரம் இங்கே எழுதிவைக்கிறேன்.